சைக்கிளை நிறுத்திய ஐயாவுக்கு நன்றி

போன ஞாயிறு கொக்குவிலில், அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் காருக்குக் கீழே படுத்துக்கொண்டு துருப்பிடித்த சைலன்சர் நட்டோடு நான் மல்லுக்கட்டியதைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்திய ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். "தம்பி, முறுக்காதை, உடையும்" என்று சொல்லி, எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற வைக்கச் சொன்னீர்கள். அடுத்த நாள் சும்மா கழன்று வந்தது! கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டையை வெல்டிங்கில் அடைத்து, 600 பாகை செல்சியஸ் தாங்கும் பெயின்ற் அடித்தேன் (முதலில் வாங்கிய சாதாரண கறுப்பு பெயின்ற் கேற்றுக்குப் போனது). கிட்டத்துக்கு மட்டுமே ஓடினால் குழாய்க்குள் தண்ணீர் தங்கி உள்ளேயிருந்தே துரு ஏறும் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். இப்போது சத்தம் இல்லை, பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் சந்தோஷம். அடுத்தமுறை தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது, சரியா?