25 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற நேரம் கொடுங்கள்

சிங்கப்பூரில் உணவு விநியோகச் சேவை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தெம்பனிஸ், பிடோக் வட்டாரத்தில் மின்சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவன் நான். என் சைக்கிளில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரை இருக்கிறது, பின்னால் எண் பலகையும் இருக்கிறது. எடை 20 கிலோவுக்குள், மோட்டார் 250 வாட்டுக்குள். மிதித்தால்தான் மோட்டார் உதவும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அந்த உதவி நின்றுவிடும். 2022 முதல் மின்சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் கட்டாயமாக்கப்பட்ட தேர்விலும் தேறியிருக்கிறேன்.

இந்த 25-ஐ உயர்த்தச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுத வேண்டும் என்று சக ஓட்டுநர்கள் சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 32 வரை மோட்டார் உதவுகிறதே என்பது அவர்கள் வாதம். நான் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. வரம்பு அப்படியே இருக்கட்டும். அதற்குக் கட்டுப்பட்டு ஓட்டுகிறவன் நஷ்டப்படாதபடி உங்கள் நேரக் கணக்கை மாற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அலுவலகத்தில் உட்கார்ந்து நேரம் கணக்கிடுகிறவர்களுக்கு அந்த 25 எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். 22, 23 வரை யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது மாதிரி சுகமாகப் போகும். 25 வந்ததும் அந்தக் கை போய்விடும். பெடல் சட்டென்று கனக்கும். கீழே 20 கிலோ சைக்கிள், பின்னால் இரண்டு குடும்பத்துக்கான சாப்பாடு, எதிரே கடற்கரைக் காற்று. அதற்கு மேல் போக வேண்டுமானால் முழுக்க முழுக்க நம் கால்தான். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு பல மடங்கு ஏறும் என்பதால் 30-ஐப் பிடிப்பதே பெரும்பாடு. பிடித்தாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. கொஞ்ச நாளில் உடம்பே 23-க்கும் 24-க்கும் இடையில் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஜப்பானில் 10 கிலோமீட்டருக்கு மேல் மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து 24-ல் முடிகிறபடி விதி வைத்திருக்கிறார்கள். அது இதைவிட இதமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எப்படியானாலும், நான் எவ்வளவு முயன்றாலும் இந்த வண்டி மோட்டார்சைக்கிள் ஆகாது.

வரம்பு சரி என்று நான் சொல்வதற்குக் காரணம் நான் ஓட்டும் பாதை. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் காலையில் நடக்கப் போகும் முதியவர்கள் இருப்பார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பணிப்பெண்கள் வருவார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் இரண்டு சக்கரத்தில் வளைந்து வளைந்து வருவார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் அடியின் பலம் 25-ல் மோதுவதைப்போல இரண்டரை மடங்கு. 2019 செப்டம்பரில் பிடோக்கில் ஒரு பெண்மணி மின்ஸ்கூட்டர் மோதிய விபத்தில் இறந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதியே நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. உணவு கொண்டுபோனவர்களின் பிழைப்பு ஒரே நாளில் ஆடிப்போனது. வேறு வண்டிக்கு மாற, அரசாங்கமும் உங்களில் சிலரும் சேர்ந்து 7 மில்லியன் வெள்ளி ஒதுக்கினீர்கள். இன்று மின்சைக்கிளில் ஓடுகிற பலர் அப்போது மாறியவர்கள்தான். மறுபடி ஒரு உயிர் போய், மறுபடி ஒரு தடை வந்தால், இந்த முறை மாறுவதற்கு வண்டி எது?

சாலையில் நிலைமை வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் இரட்டைமாடிப் பேருந்து வரும்போது இடது ஓரத்தில் 24-ல் மிதித்துக்கொண்டிருப்பது நெஞ்சைப் பிசையும். அந்த நிமிடத்தில் மோட்டார் இன்னும் கொஞ்சம் தள்ளினால் தேவலை என்று எனக்கும் தோன்றும். ஆனால் அதே வண்டிதான் அடுத்த திருப்பத்தில் சைக்கிள் பாதையில் ஏறுகிறது.

இப்போது சட்டத்தை மீறி ஓட்டுகிறவர்களைப் பற்றி. உங்கள் பையை மாட்டிக்கொண்டு, மிதிக்காமலே கையால் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பறக்கும் மின்சைக்கிள்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். போன மாதம் காப்பிக்கடையில் ஆர்டருக்குக் காத்திருந்தபோது அப்படி ஓட்டும் ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். பிடிபட்டால் வண்டியும் போகும், அபராதமும் வருமே என்றேன். "தெரியும் அண்ணே. 25-ல போனா வீட்டுக்கு என்ன கொண்டுபோறது?" என்றான்.

அவனுக்கு ஒரு கணக்குச் சொன்னேன். 3 கிலோமீட்டர் தூரத்தை 25 வேகத்தில் கடக்க ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். 40-ல் போனால் நாலரை நிமிடம். மிச்சமாவது மூன்று நிமிடம்கூட இல்லை. அதுவும் எங்கேயும் நிற்காமல் போனால்தான். ஒரு சிவப்பு விளக்கு போதும், அந்த மிச்சமும் கரைந்துவிடும். இதற்காகவா உயிரைப் பணயம் வைக்கிறாய்?

அவன் யோசிக்கவே இல்லை. "ஒரு ஆர்டருக்கு ரெண்டு நிமிஷம்னா, ராத்திரிக்குள்ள ரெண்டு ஆர்டர் கூட வரும் அண்ணே. ஊக்கத்தொகைக்கு எனக்கு எப்பவும் குறையறது அந்த ரெண்டுதான்" என்றான்.

அவன் சொன்னது சரி. என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம்தான் இருக்க வேண்டும். இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு என்று படி வைத்துக் கொடுக்கும் ஊக்கத்தொகை, அந்தக் கடைசி இரண்டு ஆர்டரைத் துரத்தச் சொல்கிறது. யாருக்கு எந்த ஆர்டர் போகிறது என்பதை எங்களுக்கு யாரும் விளக்குவதில்லை. வேகமாக முடிக்கிறவனுக்குத்தான் அடுத்தது வரும் என்று ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். அது உண்மையா பொய்யா என்று நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாதவரை அந்த நம்பிக்கைதான் ஆக்சிலேட்டரை முறுக்கும்.

பதிவு செய்யும்போதே நான் எந்த வண்டி ஓட்டுகிறேன் என்று கேட்டுவிடுகிறீர்கள். அப்புறம் செயலியில் வரும் வழியைப் பார்த்தால் அதைக் கேட்டதன் பலன் தெரியவில்லை. எனக்கு ஒருமுறை காட்டிய வழி நடைபாதை ஒன்றின் மேல் போனது. மின்சைக்கிள் அங்கே ஏறவே கூடாது. இன்னொன்று படிக்கட்டு வைத்த நடைமேம்பாலத்தைத் தாண்டிப் போனது. சட்டப்படி போக வேண்டுமானால் சுற்ற வேண்டும். சுற்றினால் திரையில் நேரம் சிவப்பாகும்.

சாலையில் போகும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மதியம் கடையில் சாப்பாடு தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டுக் காவலரிடம் பெயர் எழுதிவிட்டு உள்ளே நடக்க வேண்டும். வீவக எனப்படும் அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று பழுதுபார்ப்பில் இருக்கும், மற்றது மாடிக்கு மாடி நின்று வரும். இதில் எதையும் என்னால் குறைக்க முடியாது. கடையையும் அவசரப்படுத்த முடியாது, மின்தூக்கியையும் முடியாது. தொலைந்த நிமிடத்தைப் பிடிக்க ஓட்டுநர் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் பாதை. அங்கேதான் மேற்படி பெரியவர்களும் பிள்ளைகளும் போகிறார்கள்.

ஆகவே கேட்கிறேன். மின்சைக்கிளில் பதிவு செய்தவருக்கு வரும் நேரத்தை, மின்சைக்கிள் போகக்கூடிய பாதையிலேயே, விளக்குகளிலும் திருப்பங்களிலும் நிற்பதையும் சேர்த்து, 25-க்கும் குறைவான சராசரி வேகத்தில் கணக்கிடுங்கள். கடையிலும் புளோக்கிலும் காத்திருக்கும் நேரத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். அது ஓட்டுநரின் தாமதம் என்று பதிவாகக் கூடாது. ஊக்கத்தொகையை ஆர்டர் எண்ணிக்கையோடு மட்டும் முடிச்சுப் போடாமல், வேலையில் இருந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். மூன்றில் இதுதான் எனக்கு முக்கியம். இது நடந்தாலே அந்தத் தம்பி இரண்டு ஆர்டருக்காகப் பறக்க மாட்டான்.

எங்கள் கைபேசி வழியாக உங்களுக்கு எங்கள் வேகம் தெரியும் என்பதால், மீறுகிறவர்களை நீங்களே பிடித்து வெளியேற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து அதிலிருந்து தொடங்காதீர்கள். அவசரத்தை உண்டாக்கும் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு அவசரப்பட்டவனை மட்டும் நீக்கினால், அவன் இடத்துக்கு வருகிறவனும் அதையே செய்வான். முதலில் மீறுவதில் லாபம் இல்லாமல் செய்யுங்கள். அதற்குப் பிறகும் மீறுகிறவரைத் தண்டித்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார் என்பீர்கள். நான் தினமும் கதவருகே அவர்களைப் பார்க்கிறேன். 25 நிமிடம் என்று சொல்லி 32-ல் போனால் முகம் சுளிப்பவர், முதலிலேயே 32 என்று சொல்லியிருந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். திரையில் காட்டும் எண்ணை முடிவு செய்வது நீங்கள்தான்.

செயலி வழியாக வேலை பெறும் எங்களைப் போன்றவர்களுக்காக 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டத்தின்படி, வேலையில் எங்களுக்குக் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு உங்களுடையது. அந்தச் சட்டம் எங்கள் பாதுகாப்பை உங்கள் கணக்குப் புத்தகத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது. எங்கள் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசவும் அது வழி செய்திருக்கிறது. அடுத்த முறை பேசும்போது மின்சைக்கிளுக்கான நேரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற தாளை மேசைமேல் வையுங்கள். அதில் எந்தப் பாதை, என்ன சராசரி வேகம், எத்தனை நிமிடம் காத்திருப்பு என்ற மூன்று விவரமும் இருந்தால் போதும், மற்றதை அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வட்டார மின்சைக்கிள் ஓட்டுநர் ஒருவர்