நன்கொடை வேண்டுகோள்: ஆகஸ்ட் 1 காலையில் பலகை வெறுமையாக நிற்கக் கூடாது

அன்புடையீர், வணக்கம்.

ராயபுரத்தில் நம் படிப்பகத்துக் கரும்பலகையில் தினமும் காலை ‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறோம். அதற்கான 366 அட்டைகளில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையுள்ள 153 அட்டைகள் சென்ற மழையில் நாசமாயின. அலமாரியில் மாதங்கள் மேலிருந்து கீழாக இருந்தன. வெள்ளம் கீழ் அறைகளில் புகுந்தது. ஜெல் பேனா எழுத்து கரைந்தது. பால்பாயிண்ட் எழுத்து நின்றது, அட்டைதான் கூழாகிவிட்டது.

மேல் அறையில் இருந்ததால் ஜூலை 1 பிழைத்தது, ஆண்டவன் புண்ணியம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை 1856இல் அன்றுதான் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தொடங்கியது. சென்ட்ரலும் எழும்பூரும் அப்போது ஏது? பரிணாமம் பற்றிய டார்வின், வாலஸ் கட்டுரைகள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் படிக்கப்பட்டதும் (1858) அதே தேதியில்தான். மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பி.சி. ராய் பிறந்ததும் (1882) இறந்ததும் (1962) ஜூலை 1தான்.

போனவற்றில் செப்டம்பர் 22 ஒன்று. 1914இல் அந்த இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்கிறோமே, அந்தச் சொல் வந்த நாள். மைக்கேல் ஃபாரடே பிறந்ததும் (1791) அன்றே. அக்டோபர் 2இல் காந்தி (1869), சாஸ்திரி (1904) பிறப்பும் காமராசர் மறைவும் (1975) இருந்தன. டிசம்பர் 26 சுனாமியைக் காசிமேட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போனில் பார்த்து எழுதினால் போதாதா என்கிறார்கள். போதாது. சென்னைக்கு இடம் தந்த 1639 மானியத்தின் பதிவில் ஜூலை 22 என்றிருக்கிறது; அதைப் பெற்ற கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இங்கு வந்ததே ஜூலை 27. அதனால்தான் ஆகஸ்ட் 22ஐக் கொள்கிறோம். பாரதி உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி. நினைவு நாள் செப்டம்பர் 11, கடிகாரப்படி 12. ‘பிரபவ ஆண்டு’ என்று மட்டும் குறிப்பிருந்தால் 1867ஆ, 1927ஆ? பெரியவர்கள் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாள் வேறு. ஆகவே ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு ஆதாரம். கன்னிமாரா நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் தேடி, நகல் எடுத்த பிறகே அட்டை.

செலவு இதுதான். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மெரைன் பிளைவுட் அலமாரி 38,500 ரூபாய். அட்டை, உறை, ஒவ்வொன்றுக்கும் மறுபிரதி 6,200. நகல் செலவு 4,500. நாலுக்கு ஆறடிப் பலகைக்குப் பழைய பெயிண்டைச் சுரண்டி இரண்டு கோட் அடிக்க 7,800. உப்புக் காற்றில் ஒரே கோட் அடித்தால் பொரிந்துவிடும், காய்ந்ததும் சாக்பீஸை முழுக்கத் தேய்த்துத் துடைக்காவிட்டால் முதலில் எழுதியது அழியாமல் நிழலாகத் தங்கும். மொத்தம் 57,000. வந்தது 31,400. குறைவது 25,600.

வந்த தொகைக்கு முதல் வணக்கம் காசிமேட்டு மீன் விற்கும் தாய்மார்களுக்கு. கூடையை இறக்கிவைத்த கையோடு பத்தும் இருபதுமாகத் தந்தார்கள். ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளர்கள் பென்ஷன் வந்த அன்றே வந்தார்கள். நனைந்த அட்டைகளை மூன்று நாள் மின்விசிறியடியில் உலர்த்த மாடியைத் திறந்துவிட்ட அச்சகத்தாருக்கும், உண்டியலை உடைத்துச் சில்லறை கொண்டுவந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பெயர் போடாதீர்கள் என்ற ஆசிரியைக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. பலகையைப் படம் பிடித்து தினமும் ஸ்டேட்டஸ் வைக்கிறவர்கள் பலர். ரசீதுப் புத்தகத்தில் அவர்களில் பாதிப் பேரைக் காணோம். ஆடிக் கூழுக்கும் மாதா தேருக்கும் சந்தனக்கூட்டுக்கும் கேட்காமலே கொடுக்கும் ஊர் இது.

ஓர் அட்டைக்கு 200 ரூபாய் வீதம் 128 பேர் போதும். பிள்ளையின் பிறந்தநாளோ, பெற்றோர் நினைவு நாளோ, தேதியைச் சொன்னால் அந்த அட்டையின் பின்புறம் உங்கள் பெயர் இருக்கும். தச்சருக்குப் பத்து நாள் வேண்டும் என்பதால் கடைசி நாள் ஜூலை 20. மாலை 6 முதல் 8 வரை படிப்பகத்தில் பணம் கட்டலாம்; ரசீது வாங்காமல் போகாதீர்கள்.

இப்படிக்கு,
படிப்பகக் குழுவினர், ராயபுரம்