பைத்தான் பேக்கேஜ் எழுதுவோருக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கிறேன். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. அப்படி ஒரு நாளில்தான் சிஎஸ்வி கோப்பில் தேதிகளைச் சரிசெய்ய ஒரு குட்டி பேக்கேஜை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, இன்ஸ்டால் செய்தேன். (பெயர் வேண்டாம். எழுதியவர் நல்ல மனிதர்.) அதன் பின்னாலேயே தரவை அலசும் பாண்டாஸ், படம் வரையும் மேட்பிளாட்லிப் என்று கல்யாணக் கூட்டமே வந்து இறங்கியது. திறந்து பார்த்தால், படம் வரைவது ஒரே ஒரு ஃபங்ஷன். நிரலைச் சோதிக்கும் பைட்டெஸ்ட் வேறு பட்டியலில்! உங்கள் சோதனையை நான் ஏன் ஓட்டப் போகிறேன்?

அதைவிட மோசம், பாண்டாஸுக்கு '==' போட்டு ஒரே பதிப்போடு பூட்டியிருந்தது. என் ப்ராஜெக்டில் வேறு பதிப்பு. இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப், ஒத்துப்போவது கிடைக்குமா என்று அந்த பேக்கேஜின் பழைய வெளியீடுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தது. கொஞ்ச நேரம் ஆகலாம் என்று ஒரு வரி வந்தது. டீ ஆறியது, அன்றைய டேட்டாவும் தீர்ந்தது.

பிப்பைக் குறை சொல்லவில்லை. முன்பு மோதல் இருந்தாலும் முதலில் கண்டதைப் போட்டுவிட்டுப் போய்விடும். 2020 நவம்பரில் வந்த 20.3 முதல், எல்லாம் ஒத்துப்போகும் பதிப்புகளைத் தேடுகிறது. ஆனால் ஒரு பேக்கேஜுக்கு என்னென்ன தேவை என்று அறியவே முழுக் கோப்பையும் இறக்க வேண்டியிருந்தது. பெப் 658 என்ற பைத்தான் முன்மொழிவு அதற்கு வழி சொன்னது. 2023இல், பேக்கேஜ்களை ஏற்றிவைக்கும் தளமான பைபிஐ தேவைப் பட்டியலை மட்டும் தனியாகத் தரத் தொடங்கியது. 2024 மே முதல் எங்கள் மலைக்கு இருக்கும் இ-பாஸ் மாதிரிதான்: என்ன வண்டி, எத்தனை பேர் என்பது ஏறும் முன்பே தெரிந்துவிடும்.

இந்தச் சலுகை, அப்படியே இன்ஸ்டால் செய்யத் தயாராக இருக்கும் வீல் கோப்புக்குத்தான். மூல நிரலைக் கட்டிய டார் கோப்பை மட்டும் ஏற்றினால் முழுதாக இறக்கி, பிரித்து, பல நேரம் பில்ட் கருவியையும் ஓட்டித்தான் பட்டியலே கிடைக்கும். என்னைப் படுத்திய பழைய வெளியீடுகள் எல்லாமே டார்தான்.

எனவே வீலும் சேர்த்து ஏற்றுங்கள். படம் வரைவது போன்றவற்றை கேட்டால் மட்டும் வரும் விருப்பத் தேவைகளுக்கு நகர்த்துங்கள். லைப்ரரியில் '==' வேண்டாம், குறைந்தபட்சப் பதிப்பைச் சொன்னால் போதும்; பூட்டுவது அப்ளிகேஷன் எழுதுபவரின் வேலை.

அடுத்த வெளியீட்டுக்கு முன் ஒருமுறை, வைஃபையை அணைத்துவிட்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் பேக்கேஜை நீங்களே புதிதாக இன்ஸ்டால் செய்து பாருங்கள். பட்டியலைச் சுருக்க நேரமில்லை என்றால் சொல்லுங்கள், பேட்ச் நானே அனுப்புகிறேன். கேபிள் சரியாகிவிட்டது.

அன்புடன்,
கோத்தகிரியில் ஒரு பைத்தான்காரன்