மாற்றுக் கருத்தைப் படித்தால் பிளவு தீருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சமூக ஊடகச் சண்டைகள் பற்றிய கட்டுரையில், ‘மாற்றுக் கருத்தையும் படிக்கப் பழகிவிட்டால் இந்தப் பிளவு தானாகக் குறையும்’ என்று ஒரு வரி வந்திருந்தது. பழி முழுக்க வாசகர் தலையில். நாங்கள் படிப்பதில்லையாம்.

படிக்கிறோம் ஐயா. விடிந்ததும் எதிர்த்தரப்பு எழுதியதைத்தான் முதலில் தேடிப் படிக்கிறோம். படித்த பிறகுதான் ரத்தம் கொதிக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பெய்ல் குழு இதைச் சோதித்துப் பார்த்து 2018இல் வெளியிட்டது. ட்விட்டர் பயன்படுத்துகிறவர்களுக்குப் பணம் கொடுத்து, ஒரு மாதம் எதிர்முகாமின் பதிவுகளைப் பார்க்க வைத்தார்கள். குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் தங்கள் கருத்தில் முன்பைவிட இறுகிப்போனார்கள். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. தங்கள் அலுவலகத்தில் இது தெரியாமல் இருக்காது. அப்புறம் ஏன் அந்த வரி?

எங்கள் மீனாட்சிபுரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி தெருவுக்குள் வந்தபோது ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். எந்த மாடியில் வயதானவர்கள் இருக்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, பால் எங்கே கிடைக்கும், இதுதான் பேச்சு. யார் எந்தக் கட்சி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு நிவாரணப் பணம் அறிவித்தார்கள். அதிகம் பாதித்த வட்டங்களுக்கு 6000 ரூபாய், மற்றவற்றுக்கு 1000. தங்கள் நாளிதழ் அச்சில் போட்ட செய்தி நிதானமாக இருந்தது. எந்த வட்டம், எந்தத் தேதியில் டோக்கன் என்று எல்லாம் இருந்தது. அதே செய்தி தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் ‘இவங்களுக்கு மட்டும் ஆறாயிரமா? கொந்தளிக்கும் நெல்லை!’ என்று வந்தது. அன்று நாங்கள் யாரும் கொந்தளிக்கவில்லை. வீட்டுக்குள் கிடந்த சகதியை வாரிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தலைப்பை ஒருவர் குழுவில் போட்டார். ‘நீரு எந்தக் கட்சிக்காரர்வே?’ என்று இன்னொருவர் கேட்டார். நாடாளுமன்றத் தேர்தல் வருவதற்குள் குழு இரண்டாகிவிட்டது. வெள்ளத்தில் ஒரே மாடியில், ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்ட இரண்டு பேர், ஆனித் தேரோட்டத்தில் எதிரெதிரே வந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

கோபத்துக்குக் கூலி கிடைக்கிற ஏற்பாடு இது. எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்கிடும்போது, கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பை 2017இல் ஃபேஸ்புக் கொடுத்தது. கோபக் குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்க 2020 வரை ஆயிற்று. இதுவும் 2021இல் அவர்களுடைய உள் ஆவணங்கள் வெளியே வந்ததால்தான் நமக்குத் தெரிந்தது. அதற்காக, பதிவுகளின் வரிசையை மாற்றினால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஆய்வாளர்கள் ஃபேஸ்புக் பதிவுகளை மூன்று மாதம் காலவரிசைப்படி காட்டிப் பார்த்தார்கள். மனப்பிளவு குறைந்ததாகத் தெரியவில்லை. வரிசை எதுவானாலும், உள்ளே போடுகிற சரக்கு அதேதானே? அந்தச் சரக்கில் தங்கள் பங்கும் இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கையில் கலர் கயிறு, போனில் சாதிப் பெருமை வீடியோ என்று பையன்கள் திரிந்ததைப் பார்த்தவன். அப்போதும் தாங்கள் ‘மாணவர்கள் செல்போனைக் குறைக்க வேண்டும்’ என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அந்த வீடியோக்களைச் செய்கிற பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது குறித்து நான் எழுதிய கடிதத்தில் சமாதானமாகச் சொன்ன பகுதியை வெட்டிவிட்டு, சூடான நாலு வரியை மட்டும் வெளியிட்டீர்கள். தெருவில் என்னைச் சண்டைக்காரனாகப் பார்த்தார்கள். நீண்ட காலம் தங்கள் பத்திரிகையை வாங்குகிறவனுக்கு அது வலித்தது.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அச்சில் போடுகிற தலைப்பையே ஃபேஸ்புக்கிலும் போடுங்கள். இடமில்லை என்று இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால், நாங்குநேரி பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள். தலைப்பைப் பற்றிய வேண்டுகோளை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மீனாட்சிபுரம், திருநெல்வேலி.