பழைய மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆசிரியர் தின விழாவும் ரத்ததான முகாமும் குறைவின்றி நடந்தன. நூலகத்துக்குப் புத்தகங்கள் வழங்கினோம்.

இனி முற்றத்துச் சூரியக் கடிகாரம். "நேரம் காட்டாத பித்தளைத் தட்டுக்கு எதற்குச் செலவு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. அதன் வரலாற்றைத் தேடி எழுத ஒரு துணைக்குழு அமைத்தோம். அதன் உறுப்பினர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன; ஆட்களை முற்றத்தில் காண முடியவில்லை. ஆகவே கீழே வருவது பெரும்பாலும் அடியேன் தனியாகப் பார்த்தது.

தகட்டில் செய்தவர் பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருக்கிறது. ஆனால் மணிக் கோடுகளுக்கு உட்புறம், மாதவாரியாகப் பொடி எழுத்தில் ஒரு வட்ட அட்டவணை செதுக்கப்பட்டிருக்கிறது. சூரிய நேரத்தைவிடக் கைக்கடிகாரம் எந்த நாளில் எத்தனை நிமிடம் முந்தும், பிந்தும் என்பது அதில் உள்ளது. வேறுபாடே இல்லாத நாள்களில் ஒன்றாக டிசம்பர் 24 குறிக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டன் 1752-இல்தான் பழைய நாள்காட்டியைக் கைவிட்டு 11 நாள்களைக் கணக்கிலிருந்து நீக்கியது. அதற்கு முந்திய பிரிட்டிஷ் தகடென்றால் இந்த நாள் அந்த 11 நாள் முன்னதாக, டிசம்பர் நடுவுக்கு முன்பே வந்திருக்கும். எனவே "1700-ஆம் ஆண்டுப் பொருள்" என்று விழா மலரில் அச்சிட்டு வந்ததை இனி நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது, நிழல் விழுத்தும் முள். அதன் சாய்வு, வைக்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அளந்தால் 51½ டிகிரி வருகிறது. அது லண்டனின் அட்சரேகை. தமிழ்நாடோ 8 முதல் 13½ டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே செய்ததை அழகுக்காகக் கொண்டுவந்து பீடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் அது தப்பாகக் காட்டுவது பழுதால் அல்ல, ஊர் மாறியதால்.

முள்ளை மட்டும் மாற்றலாம் என்ற யோசனை உதவாது. மணிக் கோடுகளும் லண்டனுக்கானவை. தகட்டையே வடபக்கம் தாழ்த்தி, ஏறத்தாழ 40 டிகிரி சாய்த்தால் முள் பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும், கடிகாரம் சரியாக ஓடும். பார்க்கத்தான் விழப்போவது போலிருக்கும். அப்போதும் பிப்ரவரியில் அது இந்திய நேரத்துக்கு அரை மணிவரை பின்தங்கும். நம் நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்குரியது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். டிகிரிக்கு 4 நிமிடம். சூரியனின் சொந்தத் தாமதம் 14 நிமிடம் வேறு. நவம்பர் தொடக்கத்தில் சூரியனே 16 நிமிடம் முந்துவதால் கணக்கு ஓரளவு நேராகும். இதைக் கேட்டு முகம் சுளித்த உறுப்பினருக்கு அந்த அட்டவணையையே காட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விடைபெற்றார்.

இன்னொருவர் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்க ஆள் அனுப்ப முன்வந்தார். நல்ல மனம்தான். ஆனால் பச்சைக் களிம்போடு அந்தப் பொடி எழுத்துகளும் போய்விடும் என்பதால், துணிந்து தடுத்துவிட்டேன். முள்ளின் அடியில் காதலர் இருவரின் முதலெழுத்துகளும் கீறப்பட்டிருக்கின்றன. நம் சங்கத்தார் கைவண்ணமாக இருக்கலாம் என்பதால் மேலும் விசாரிக்கவில்லை.

வரவு செலவு பொருளாளரின் பொறுப்பு. வரவைவிடச் செலவு சற்றே மிகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பாக்கி வைத்திருப்போர் பட்டியல், வந்திருப்போர் பட்டியலைவிட நீளம். முதல்வர் அவர்களுக்கும், ஏணி தந்து உதவிய தோட்டக்காரருக்கும், அச்சகத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் தகட்டைச் சாய்த்து நிறுத்த ஒரு கல் ஆப்பும், சுற்றி ஒரு வேலியும் வேண்டும். இவற்றுக்கு நிதி இல்லை. செயலாளர் பதவிக்கு வேறு எவரேனும் முன்வந்தால் அளவுக்கோலோடு பதிவேட்டையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிட்டால் உறுப்பினர்கள் விருப்பப்படி நடக்கட்டும். ரசீதுப் புத்தகம் கூட்டம் முடியும்வரை வாசலருகே இருக்கும். பழைய பாக்கியும் பெற்றுக்கொள்ளப்படும்.