2024–2025ஆம் ஆண்டிற்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாலை நேர வகுப்பும் பொங்கல் விளையாட்டுப் போட்டிகளும் இரத்ததான முகாமும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். செயற்குழுவின் நேரத்தையும் சேமிப்பில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டது, அரசு நிலத்தில் உள்ள நம் சங்கப் படிப்பகத்தைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ்தான் என்பதால் இவ்வறிக்கை அதைப் பற்றியே அமைகிறது.

தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905-இன் 7ஆம் பிரிவின்கீழ் அந்த நோட்டீஸ் மழைக்காலத் தொடக்கத்தில் படிப்பக வாசலில் ஒட்டப்பட்டது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று மட்டுமே இருந்தது. நாளிதழ் மாட்டும் பலகையின்மேல் பசை தடவி ஒட்டியிருந்ததால், கிழியாமல் பிரித்தெடுக்க நூலகப் பொறுப்பாளர் ஒரு காலைப்பொழுதையே செலவிட வேண்டியிருந்தது. மறுநாளே ஜேசிபி வந்துவிடும் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. சாலையில் உட்கார வேண்டும் என்றும் சிலர் வற்புறுத்தினர். ஆனால் 7ஆம் பிரிவு நோட்டீஸ் என்பது காரணம் கேட்கும் நோட்டீஸ். நம் விளக்கத்தைப் பெற்றுப் பரிசீலித்த பின்னரே 6ஆம் பிரிவின்கீழ் வெளியேற்ற முடியும் என்பதால், கெடுவுக்குள் பதில் கொடுப்பதே முதல் வேலை என்று செயற்குழு முடிவெடுத்தது.

சொத்து வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் கையில் இருக்கும்போது எதற்கு அஞ்ச வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் பலரும் கேட்டனர். அவை நாம் அங்கே நெடுங்காலமாக இருந்துவருவதைக் காட்டுமே தவிர, நிலத்தின்மீது உரிமை தந்துவிடா. ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் கேட்டோம். நிலம் நீர்நிலைப் புறம்போக்காக இருந்துவிடுமோ என்பதே என் பெரிய அச்சம்; அவ்வகை நிலத்தில் உள்ள கட்டடங்களுக்கு நீதிமன்றங்கள் இரக்கம் காட்டுவதில்லை. நல்லவேளையாகப் பதிவேட்டில் அப்படி இல்லை. வரைபடத்தின்படி, சாலைக்குள் நீண்டிருந்தது முன்புறத் தகரக் கொட்டகை மட்டுமே. கூடமும் நூலக அறையும் சாலை எல்லைக்கு உள்ளே தள்ளியே இருந்தன.

கொட்டகையை நாமே பிரித்துவிடலாம் என்று நான் முன்மொழிந்தபோது எழுந்த எதிர்ப்பைப் பதிவு செய்வது முறை. கேரம் பலகைகள் போடப்படுவது அங்கேதான். நம் வட சென்னையின் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்த பின், தெருவின் சிறுமிகள் பலர் ஸ்ட்ரைக்கரும் கையுமாக வந்து சேர்ந்திருந்த நேரம் அது. இடித்துத்தான் பார்க்கட்டும் என்றனர் இளைஞர்கள். நமக்கு நியாயம் இல்லாத பகுதியை விட்டுக்கொடுக்காமல், நியாயம் உள்ள பகுதியைக் கேட்க முடியாது என்பது என் கருத்தாக இருந்தது, இப்போதும் அதுவே. பெரும்பான்மை முடிவின்படி கொட்டகை பிரிக்கப்பட்டது. கேரம் பலகைகள் வாசிப்புக் கூடத்துக்கு வந்ததிலிருந்து, காய்களின் சத்தமும் பவுடரும் குறித்து வாசகர்களிடமிருந்து வரும் புகார்களுக்கு இன்னும் தீர்வு காணவில்லை.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பங்கள் கூடத்தில்தான் தங்கின. உணவுப் பொட்டலங்களுடன் வந்த அலுவலர் நம் பதிவேட்டில் கையெழுத்திட்டிருந்த பக்கத்தையும் கூடுதல் விளக்கத்துடன் இணைத்தோம்.

நில அளவர் மறுபடி அளந்து சென்றதற்குப் பின், கூடத்தின் மீதான நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாக எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்டுள்ளது. நிறுத்திவைப்பது வேறு, கைவிடுவது வேறு. பட்டாசு வெடித்த தம்பிகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்த மனு நிலுவையில் உள்ளது. அது மறுக்கப்படலாம், ஏற்கப்பட்டாலும், சந்தை மதிப்பைக் கொண்டு வாடகை நிர்ணயித்தால் இப்போதைய சந்தாவில் நம்மால் கட்ட இயலாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் உரிய காலத்தில் தாக்கல் செய்வதும் இனி தவறவே கூடாது. பதிவு உயிரோடு இல்லாத சங்கத்துக்கு யாரும் குத்தகை தரமாட்டார்கள்.

எனவே, குத்தகை மனுவைத் தொடர்ந்து நடத்தவும் தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகவும் தலைவருக்கும் செயலாளருக்கும் அதிகாரம் வழங்கும் தீர்மானத்தையும், சந்தாவை உயர்த்தி அந்த உயர்வைக் கட்டட நிதியாகத் தனிக் கணக்கில் வைக்கும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்