அம்மாவின் அடக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

குன்னூர் பங்கு மக்களுக்கும் எங்கள் லைன் வீட்டு அக்கம்பக்கத்தாருக்கும்,

இன்று காலை அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. அடக்கத்தன்று யாரிடமும் முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும் நிலையில் நான் இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

அம்மா கண்மூடியது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து வெள்ளிக்கிழமை இரவு. மஸ்கட்டிலிருந்து அண்ணன் வந்துசேர ஞாயிறு ஆகும். ஞாயிற்றுக்கிழமை அடக்கப் பூசை என்று நானாகவே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் அடக்கத் திருப்பலி கிடையாது என்பது எனக்குத் தெரியாது. பங்குச் சாமி கடிந்துகொள்ளவில்லை. "ஞாயிறன்றே வாசகம், மன்றாட்டோடு அடக்கம் செய்துவிட்டுப் பூசையைப் பிறகு வைக்கலாம், அல்லது திங்கள்வரை பொறுத்தால் பூசையோடு அடக்கலாம்" என்றார். எந்தப் பனியிலும் காலைப் பூசையைத் தவறவிடாத அம்மாவைப் பூசையில்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

திங்கள் என்று முடிவெடுத்தது நான், பாடுபட்டது நீங்கள். சனி இரவு மின்சாரம் போனதும் குளிர்பெட்டிக்காக ஜெனரேட்டரை ஜீப்பில் ஏற்றி வந்த தம்பி டீசல் காசுகூட வாங்கவில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்ததால், அண்ணனைக் கோத்தகிரி வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார் ஓட்டுநர். எங்கள் அன்பியத்து (பங்கின் அக்கம்பக்கச் செபக் குழு) அக்காமார் மூன்று இரவும் செபமாலை சொல்லி உடனிருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று, பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) படுகர் வீட்டு அம்மா சோறும் அவரைக் குழம்பும் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

குழி வெட்டியவர்களை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது. கல்லறைத் தோட்டச் சரிவில் ஊற்றெடுத்த தண்ணீரை விடியவிடிய வாளியால் இறைத்து, அடியில் கற்பூர மரத் தழை பரப்பி வைத்திருந்தார்கள். அம்மா ஈரத்தில் படுக்கவில்லை.

செபப் புத்தகத்தில் அம்மா மடித்து வைத்திருந்த தாளைத் தேடி எடுத்தவர் உபதேசியார். யோவான் 14ஆம் அதிகாரம் வாசிக்க வேண்டும், தன்னைப் புகழ்ந்து யாரும் பேசக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. பேச்சு தயாரித்து வந்த சித்தப்பா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவருக்கும் நன்றி, பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தவர் அவர்தான்.

எங்கள் வீட்டில் ஏழு குடைகளும் ஒரு தார்ப்பாயும் இரண்டு பெரிய பால் கேன்களும் இருக்கின்றன. யாருடையவை என்று தெரியவில்லை. வாங்கிக்கொள்ள வாருங்கள், வந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மகள்